வீதி இல்லாத ஊர்களுக்கு ஒன்பது இருக்கை விமானம்: வட ஒன்ராறியோவில் ஒரு பயணியின் மதிப்பீடு

கனடாவின் வட ஒன்ராறியோவிலுள்ள சூ லுக்அவுட் விமான நிலையத்தில் என்னையும் என் கருவிப்பெட்டியையும் ஒரே தராசில்தான் நிறுத்தார்கள். குளிர்ச்சட்டை, பனிச்சப்பாத்து, தோளில் தொங்கிய பை எல்லாவற்றோடும் நான் ஏறி நின்றபோது, முகப்பில் இருந்த பெண் எண்ணைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அடுத்து 31 கிலோ எடையுள்ள பெட்டியைத் தூக்கி வைத்தேன். அதையும் அதே தாளில், எனக்கு நேர் கீழே எழுதினார். எவ்வளவு எரிபொருள் நிரப்புவது, எவ்வளவு சரக்கு ஏற்றுவது, யாரை எங்கே அமர்த்துவது என்பனவெல்லாம் அந்த ஒற்றைத் தாளைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. இந்த விமான நிறுவனத்தைப் பற்றி நான் சொல்ல வந்த நன்மையும் குறையும் அந்தத் தாளிலேயே தொடங்குகின்றன.

மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ரொறன்ரோவில் வசித்தாலும், ஆண்டுக்கு நான்கைந்து தடவை வட ஒன்ராறியோவிலுள்ள, கனடாவின் பூர்வகுடிகளான முதற்குடி மக்களின் ஊர்களுக்குச் சென்று, அங்குள்ள தாதியர் நிலையங்களின் எக்ஸ்றே கருவி முதலானவற்றைப் பார்த்துச் சரிசெய்துவிட்டுத் திரும்புவேன். கடந்த மூன்று குளிர்காலங்களாக ஒரே நிறுவனத்தின் விமானங்களிலேயே பறந்திருக்கிறேன். அந்தப் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இயங்குகின்றன. நான் பறந்த நிறுவனத்தின் பெயரையும், கடைசியாகச் சென்ற ஊரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. முகப்பில் இரண்டு பேர், சரக்குக் கூடத்தில் மூன்று பேர் என்று இயங்கும் இடத்தில் ஒரு குறையைப் பெயரோடு எழுதினால், யாரைச் சொல்கிறேன் என்பது ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடும், அது நியாயமாகாது. சூ லுக்அவுட்டிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர் வடக்கே, வீதியே இல்லாத ஓர் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீதியே இல்லை என்பதை ரொறன்ரோ நண்பர்கள் பலர் மிகைப்படுத்தல் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்ராறியோவின் வடபாதியில் நிஷ்னாபே அஸ்கி நேஷன் என்ற அமைப்பின் கீழ் 49 முதற்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு முழுவதும் ஓடக்கூடிய வீதி கிடையாது. குளிர்காலத்தில், பெரும்பாலும் தை மாத இறுதியிலிருந்து பங்குனி வரையில், உறைந்த ஏரிகளின் மீதும் சதுப்பு நிலத்தின் மீதும் பனியைச் சீவி அமைக்கும் தற்காலிகப் பாதை ஒன்று திறக்கும். எரிபொருள், மரப்பலகை, வாகனம், வீட்டுத் தளபாடம் எல்லாம் அந்தச் சில கிழமைகளுக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். 2024ஆம் ஆண்டுக் குளிர்காலம் இதமாக இருந்ததால் பனிக்கட்டி போதிய தடிப்பை அடையாமல் போக, நிஷ்னாபே அஸ்கி நேஷன் மாசி மாதத்தில் அவசரநிலை அறிவிக்க நேர்ந்தது. அந்தப் பாதை திறக்காத நாள்களில், குழந்தைக்கான பால்மா முதல் தாதியர் நிலையத்துக்கான தடுப்பூசி வரை அனைத்துக்கும் விமானம் ஒன்றே வழி. ஆகவே இந்த நிறுவனத்தை ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்குப் பறக்கும் நிறுவனத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட முடியாது. ஓர் ஊரின் பேருந்து, தபால் வண்டி, மரக்கறி வாகனம், நோயாளர் வண்டி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்குமோ, அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

பயணச்சீட்டு வாங்குவதில் சிக்கல் இல்லை. இணையத்தளம் பழையதுதான் என்றாலும் வேலை செய்கிறது. தொலைபேசியில் அழைத்தால் சூ லுக்அவுட்டிலேயே இருக்கும் ஒருவர் எடுத்துப் பேசுகிறார். கட்டணத்தைப் பார்த்தால் முதன்முறை எவருக்கும் திகைப்பு வரும். மாகாணத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம் பறந்து திரும்பும் பயணத்துக்கு, ரொறன்ரோவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சலுகை நாள்களில் போய்வரும் கட்டணத்தை ஒத்த தொகையைக் கேட்கிறார்கள். அதைக் கொள்ளை என்று முதல் ஆண்டில் நானும் நினைத்தேன். பின்னர் சரக்குக் கூடத்தில் காத்திருந்த பல மணி நேரங்களில் கணக்கு மெதுவாகப் புரிந்தது. வடக்கே போகும்போது நிறைந்து போகும் விமானம் தெற்கே திரும்பும்போது பாதி வெறுமையாகத் திரும்புகிறது. சரளைக்கல் ஓடுபாதையில் இறங்கி ஏறும் விமானத்தின் சுழல்விசிறியும் சில்லும் தார் ஓடுபாதையில் ஓடுவனவற்றை விட விரைவாகத் தேய்கின்றன. இருக்கைகளில் பெரும்பகுதியை வைத்தியசாலைக்குப் போய்வரும் நோயாளர்கள் நிரப்புகிறார்கள்; அவர்களுக்கான செலவை முதற்குடி மக்களுக்கான மருத்துவ நலத்திட்டத்தின் ஊடாக மத்திய அரசு செலுத்துகிறது. என் பயணத்துக்கும் என் நிறுவனம்தான் பணம் கட்டியது. ஆனால் பேரன் பிறந்திருக்கிறான் என்று பார்க்கப் போகும் பாட்டியும் அதே தொகையைத் தன் கைப்பணத்தில் கட்டுகிறார். கட்டணம் ஏன் உயர்ந்திருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. அது அவருக்கு நீதியாக இருக்கிறது என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

விமானம் பிலாட்டஸ் பிசி-12 வகையைச் சேர்ந்தது. சுவிற்சர்லாந்தில் செய்யப்படுவது, மூக்கில் ஒரே ஒரு சுழல்விசிறி இயந்திரம், அது கனடாவின் பிராட் அன்ட் விற்னி நிறுவனம் செய்த பிற்றி-6. ஓர் இயந்திரம்தானா என்று அஞ்சுபவர்களுக்குச் சொல்கிறேன்: நீண்ட காலமாக உலகின் பல மூலைகளில் ஓடி, நம்பகத்தன்மைக்குப் பெயர்பெற்ற இயந்திரம் அது, விமானி அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். வடக்கே இந்த விமானத்தை விரும்புவதற்குக் காரணம் அதன் பின்பக்கக் கதவுதான். ஏறத்தாழ 1.3 மீற்றர் அகலமும் அதே அளவு உயரமும் கொண்ட அந்தக் கதவு மேல்நோக்கித் திறந்தால், பாரந்தூக்கி கொண்டுவரும் ஒரு முழுத் தட்டுச் சரக்கையும் நேரே உள்ளே தள்ளிவிடலாம். இருக்கைகளைத் தேவைக்கேற்பக் கழற்றுகிறார்கள். அன்று ஆறு இருக்கைகள் இருந்தன. எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த வலை. வலைக்குப் பின்னால் கூரை வரை சரக்கு.

எனக்குப் பின்னால் இருக்கை இல்லாததால் அந்த வலையை நன்றாகவே பார்க்க முடிந்தது. வலையின் கண்களுக்குள் முதலில் தெரிந்தது ஒரு பெட்டி தக்காளி. குளிரில் உறையாமலிருக்க அதைப் பழைய மெத்தைவிரிப்பு ஒன்றால் சுற்றி, மேலே நாடா ஒட்டி, ‘உறைய விடாதீர்’ என்று தடித்த பேனாவால் எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் குழந்தைகளுக்கான அரைத்துணிப் பொதிகள் ஐந்து; பக்கத்தில் ஒரு பனிச்சறுக்கு வண்டியின் இறப்பர்ப் பட்டி; இடுக்கில் செருகிய ஒரு கிற்றார் உறை; எல்லாவற்றுக்கும் அடியில் ‘மருத்துவம் - அவசரம்’ என்ற சிவப்புத் தாள் ஒட்டிய நான்கு வெள்ளைப் பெட்டிகள். அவை சிறுநீரக நோயாளர் வீட்டிலேயே இரத்தம் சுத்திகரிக்கப் பயன்படுத்தும் திரவப் பைகள் என்பதை என் தொழிலின் காரணமாகப் பார்த்தவுடன் அறிந்தேன். என்னுடைய கருவிப்பெட்டியை அந்தக் குவியலில் தேடினேன், தெரியவில்லை. உள்ளே எங்கோ இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அப்போதே இறங்கிக் கேட்டிருக்க வேண்டும்.

பாதுகாப்புச் சோதனை வரிசை இங்கே கிடையாது. பெயரைக் கூப்பிட்டதும் கதவைத் திறந்து நேரே ஓடுதளத்தில் நடந்து ஏற வேண்டியதுதான். அன்று வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 34 பாகை. முப்பது மீற்றர் தூரம் நடப்பதற்குள் மூக்குத் துளைகள் ஒட்டிக்கொண்டன. மூத்தவர்களை ஏற்றுவதில் இந்த ஊழியர்கள் காட்டும் பொறுமையை நான் பெரிய நிறுவனங்களில் கண்டதில்லை. ஊன்றுகோலோடு வந்த ஒரு முதியவரைத் துணைவிமானி கைத்தாங்கலாக அழைத்து வந்து, ஒவ்வொரு படியிலும் நின்று, இருக்கையில் அமர்த்தி, பட்டியை மாட்டிவிட்டு, அவருடைய தொப்பியைச் சரிசெய்துவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போனார். முதியவர் அவருடைய மொழியில் ஏதோ சொல்ல, துணைவிமானி ‘மீக்வெச்’ என்று நன்றி கூறினார். அந்த மொழியில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்லாக மட்டுமே இருந்திருக்கலாம். முதியவரின் முகம் மலர்வதற்கு அதுவே போதுமாயிருந்தது.

உணவோ தேநீரோ இல்லை, கழிப்பறையும் இல்லை. இரண்டையும் சூ லுக்அவுட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். காதடைப்பான் கொடுப்பார்கள், மறுக்காதீர்கள். கால் நீட்ட இடம் போதும். தரை மட்டும் குளிர்ந்திருக்கும் என்பதால் பனிச்சப்பாத்தைக் கழற்ற வேண்டாம்.

பறப்பு மிக நன்றாக இருந்தது. விமானி புறப்படுவதற்கு முன் திரும்பிப் பார்த்து, வழியில் ஓர் ஊரில் இறங்கி இருவரை ஏற்ற வேண்டியிருப்பதையும், அங்கே மேகம் தாழ்ந்திருப்பதால் இறங்க முடியாவிட்டால் நேரே அடுத்த ஊருக்குப் போய்விடுவோம் என்பதையும் நேர்முகமாகச் சொன்னார். முதல் அரைமணி நேரம் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரிய மரங்களும் வெள்ளை ஏரிகளுமாக இருந்தன. பிறகு ஓர் ஏரியின் குறுக்கே, அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்தது போல, குளிர்காலப் பாதை தெரிந்தது. அதில் ஒரு பாரவண்டியும் ஓடவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெண் கண்ணாடியில் படிந்த உறைபனியை நகத்தால் சுரண்டி அதைப் பார்த்துவிட்டு, தன் மகளிடம், இன்னும் திறக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பாதை திறந்தால் அவருடைய ஊர்க் கடையில் விலைகள் இறங்கும். திறக்காவிட்டால் எங்களுக்குப் பின்னால் வலைக்குள் இருக்கும் தக்காளியின் விலைதான் எல்லாவற்றுக்கும். வடக்கே அனுப்பும் உணவுக்கு 2011 முதல் மத்திய அரசு ஒரு மானியத் திட்டத்தை நடத்திவருகிறது; இருந்தும் ஒரு பை உருளைக்கிழங்கை எடுத்து விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பவர்களை அந்தக் கடைகளில் நான் ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன்.

இறங்கும் விதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஊர்களின் ஓடுபாதைகள் பெரும்பாலும் 1,000 மீற்றரைச் சற்றே தாண்டும் நீளமுள்ள சரளைக்கல் பாதைகள். குளிர்காலத்தில் அவற்றின் மேல் இறுகிய பனி படிந்திருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. அந்த வட்டாரத்தில் பறக்கும் விமானிகள் பொது அலைவரிசையில் ஒருவருக்கொருவர் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். இருட்டிய பிறகு வந்தால், விமானி தன் வானொலிப் பொத்தானைக் குறிப்பிட்ட தடவை அழுத்த, ஓடுபாதை விளக்குகள் தாமாகவே எரியும். காட்டின் கருமைக்கு நடுவே இரண்டு வரிசை விளக்குகள் திடீரென்று தோன்றுவதைச் சென்ற ஆண்டு மாலைப் பயணம் ஒன்றில் பார்த்தேன். இம்முறை பகலில் இறங்கினோம். சில்லு தரையைத் தொட்டபோது, அரிசி மூட்டையை நிலத்தில் இழுப்பது போன்ற ஒரு நீண்ட சத்தம் மட்டுமே கேட்டது. இந்த நிறுவனத்தின் விமானிகளுடைய கைவேலையில் நான் இதுவரை ஒரு குறையும் கண்டதில்லை. வழியில் இருந்த ஊரில் மேகம் விலகவே இல்லை; ஒருமுறை தாழ்ந்து பார்த்துவிட்டு, ஓடுபாதை தெரியவில்லை என்றதும் தயக்கமின்றி மேலே ஏறிவிட்டார்கள். அங்கே காத்திருந்த இருவருக்கு அது ஏமாற்றம்தான். நான் அந்த முடிவுக்குத்தான் பணம் கட்டுகிறேன்.

ஊரில் இறங்கியதும் விமானத்தைச் சுற்றிப் பிக்கப் வாகனங்களும் பனிச்சறுக்கு வண்டிகளும் கூடிவிட்டன. ஊர்ச்சபையின் காவலர்கள் இருவர் பொதிகளைத் திறந்து பார்த்தார்கள். வடக்கின் பல ஊர்களைப் போல அதுவும் மது தடைசெய்யப்பட்ட ஊர். சரக்குக் கதவு திறந்தது. தக்காளி இறங்கியது, அரைத்துணிப் பொதிகள் இறங்கின, வெள்ளைப் பெட்டிகள் இறங்கின, கிற்றார் இறங்கியது. என் கருவிப்பெட்டி இறங்கவில்லை.

விமானிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவருடைய தாளில் என் பெட்டியின் எடை குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். ஊரில் நிறுவனத்தின் முகவராக இருப்பவர் உள்ளூர்க்காரர். தன் பிக்கப்பை விமானத்தின் வயிற்றோடு ஒட்டி நிறுத்தி, சரக்கைத் தானே இறக்கி, தானே வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். அவர் என் தோளில் தட்டி, நாளை வரும் விமானத்தில் வந்துவிடும் என்று ஆறுதல் சொன்னார். தாதியர் நிலையத்திலிருந்து சூ லுக்அவுட் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். உங்கள் பெட்டி உங்களோடுதான் ஏறியது என்றார்கள். ஏறவில்லை என்றேன். ஏறியதாகக் கணினியில் இருக்கிறது என்றார்கள். மறுநாள் காலை விமானத்தில் பெட்டி வரவில்லை. மாலை விமானம் மூடுபனியால் ரத்தாயிற்று. மூன்றாம் நாள் பிற்பகல்தான் வந்து சேர்ந்தது.

இதில் எது எனக்கு வருத்தம் என்பதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். பெட்டியை இறக்கிவிட்டது பிழையே அல்ல. கடைசி நிமிடத்தில் சிறுநீரக நோயாளருக்கான திரவப் பைகள் வந்திருக்கின்றன. விமானம் ஏற்றக்கூடிய எடைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதற்கு ஈடாக 31 கிலோ இறங்க வேண்டும். அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் என் பெட்டியைத்தான் இறக்கியிருப்பேன். ஆனால் இறக்கியவர் பத்து அடி தூரத்தில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருந்த என்னிடம் வந்து, உங்கள் பெட்டி இந்த விமானத்தில் வராது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியைத் திறந்து, அளவுமானியையும் நான்கு சிறு கருவிகளையும் மட்டும் எடுத்துக் கைப்பையில் வைத்திருப்பேன். மூன்று கிலோவுக்கு மேல் வந்திராது. வேலையின் பாதியை அதை வைத்தே முடித்திருக்கலாம்.

அது நடக்காததால் என்ன ஆயிற்று என்பதை நான் நேரில் பார்த்தேன். இரண்டாம் நாள் காலை, பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிய ஒரு பெண்மணியை அவருடைய மகன் தாதியர் நிலையத்துக்கு அழைத்து வந்தார். எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்றே எடுக்க வேண்டும். கருவி அங்கேதான் இருந்தது, அதைச் சரிசெய்ய வந்த நானும் அங்கேதான் இருந்தேன். கருவிகள் மட்டும் 300 கிலோமீற்றர் தெற்கே ஒரு சரக்குக் கூடத்தில் கிடந்தன. தாதி மணிக்கட்டுக்கு மரச்சிம்பு வைத்துக் கட்டிவிட்டு, சூ லுக்அவுட்டில் உள்ள மீனோ யா வின் வைத்தியசாலைக்கு அவரை அனுப்ப ஏற்பாடு செய்தார். மூடுபனியால் அன்று மாலை அவர் போக முடியவில்லை. ஓர் இரவு முழுவதும் வலியோடு இருந்து, மறுநாள் இதே நிறுவனத்தின் விமானத்தில், நான்கு வயதுப் பேத்தியை அயல்வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அவர் ஏறிச் சென்ற அதே விமானம்தான் என் பெட்டியைக் கொண்டுவந்தது. இறக்கிய பெட்டியைப் பெற்றுக்கொண்டு நான் நிற்க, அவர் என்னைக் கடந்து படியேறினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இதில் நீங்கள் என்ன செய்வீர்கள், வானிலை அப்படித்தான் என்றார். வானிலையின் மேல் சுமத்தக்கூடியதில் ஒரு பகுதி வானிலையினுடையது அல்ல என்பதை அவரிடம் அப்போது விளக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பயணிகளுக்கான உரிமைகளைப் பொறுத்தவரை, கனடாவின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள் 2019 முதல் நடைமுறையில் உள்ளன. இத்தகைய சிறிய நிறுவனங்களுக்கு அவற்றில் தனி அளவுகோல் இருக்கிறது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும், பாதுகாப்போடு தொடர்பில்லாத காரணத்தால் மூன்று மணி நேரம் தாமதித்தால் 125 டொலர், ஆறு மணி நேரம் என்றால் 250, ஒன்பது மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் 500 டொலர். பெரிய நிறுவனங்கள் இவற்றுக்கு 400, 700, 1,000 என்று கொடுக்க வேண்டும். மூடுபனியோ உறைமழையோ காரணமானால் இரு வகை நிறுவனங்களும் இழப்பீடு தர வேண்டியதில்லை. வடக்கே பெரும்பாலான தாமதங்கள் அத்தகையவைதான் என்பதால், இழப்பீட்டை நம்பிப் பயணம் திட்டமிடாதீர்கள். பொதி தாமதித்தால், அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். நான் முறையிட்டேன். பொதிக்காகக் கட்டிய பணத்தைத் திருப்பித் தந்தார்கள். கண்ணியமான ஒரு கடிதமும் வந்தது. ஆனால் எடை காரணமாகப் பொதி இறக்கப்பட்டால் பயணியிடம் உடனே சொல்லும் நடைமுறை ஒன்றை வைத்திருக்கிறீர்களா என்று நான் கேட்டிருந்த கேள்விக்கு அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பதில் ஒன்றே. அதற்குப் புதிய கணினியோ கூடுதல் ஆளோ தேவையில்லை. தாளில் ஒரு வரியை அடிப்பவர், அடித்த கையோடு கதவைத் திறந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டால் போதும்.

இன்னொரு பக்கத்தையும் எழுதாவிட்டால் இந்த மதிப்பீடு முழுமையாகாது. மூன்று குளிர்காலங்களில் இந்த நிறுவனம் என்னை ஏழு தடவை தாமதப்படுத்தியிருக்கிறது; ஆறு தடவை காரணம் வானிலை, அந்த ஆறு தடவையும் விமானியோ முகவரோ உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். சென்ற ஆண்டு ஐப்பசியில், ஏரிகள் உறையத் தொடங்கும் பருவத்தில், அவற்றிலிருந்து எழுந்த மூடுபனி இரண்டு நாள்கள் ஊரை மூடியிருந்தது. அப்போது உள்ளூர் முகவர் காலையும் மாலையும் நான் தங்கியிருந்த இடத்துக்கு வண்டியில் வந்து, இன்று வராது, நாளை பத்து மணிக்குப் பார்ப்போம் என்று நேரில் சொல்லிவிட்டுப் போனார். அது அவருடைய வேலைப் பட்டியலில் இருந்திருக்க வாய்ப்பில்லை. முதியவர் ஒருவரின் உடல் வைத்தியசாலையிலிருந்து ஊருக்குத் திரும்பிய நாளில், இருக்கைகளைக் கழற்றி, சவப்பெட்டியை வைத்து, அதன் அருகே குடும்பத்தினர் மூவருக்கு மட்டும் இடம்விட்டுப் பறந்தார்கள். எங்களை அடுத்த விமானத்துக்கு மாற்றினார்கள். முகப்பில் இருந்தவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வந்து காரணத்தைச் சொல்லிக் கேட்டுக்கொண்டார், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அன்று எங்களிடம் வந்து சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பெட்டியைப் பற்றிச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

முதன்முறை போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொல்லிவிடுகிறேன். போகும் நாளுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் விட்டுத் திட்டமிடுங்கள்; ஏரிகள் உறையும் ஐப்பசி, கார்த்திகையிலும் பனி உடையும் சித்திரை, வைகாசியிலும் இரண்டிரண்டு நாள் விடுங்கள். அன்றாடம் எடுக்கும் மருந்தை ஒருபோதும் பெட்டிக்குள் வைக்காதீர்கள்; ஒரு கிழமைக்கு மேலதிகமாக எடுத்துக் கைப்பையில் வையுங்கள். குளிர்ச்சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மெல்லிய மேலங்கியோடு ஏறுவது அறியாமை, உடுத்திக்கொண்டே ஏறுங்கள். பெட்டியை ஒன்றாக எடுத்துச் செல்வதை விட, 15 கிலோவுக்கு உட்பட்ட இரண்டாகப் பிரித்தால், ஒன்றையாவது ஏற்றிவிட இடம் கிடைக்கும். மிக முக்கியமாக, பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நடக்காமல், என் பொதி ஏறிவிட்டதா என்று கேளுங்கள். கேட்டால் போய்ப் பார்த்துவிட்டு வந்து உண்மையைச் சொல்லுகிறார்கள், கேட்காதவர்களுக்குத்தான் சொல்லுவதில்லை.

இருக்கை, சத்தம், நேரம் ஆகியவற்றை வைத்து மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். விமானிகளுக்கும் உள்ளூர் முகவருக்கும் ஐந்துக்கு ஐந்து. தகவல் சொல்லும் பழக்கத்துக்கு மூன்று: வானிலையென்றால் ஐந்து, சரக்கென்றால் ஒன்று, அவற்றின் நடுவே இந்த மூன்று.

பங்குனி இரண்டாம் கிழமையில் மீண்டும் அதே ஊருக்குப் போகிறேன். அந்த எக்ஸ்றே கருவிக்கு ஒரு புதிய உதிரிப்பாகம் வந்திருக்கிறது. அதே நிறுவனத்தில்தான் இடம் பதிவுசெய்திருக்கிறேன். உதிரிப்பாகத்தையும் பெரிய கருவிகளையும் நான்கு நாள் முன்னதாகவே சரக்காக அனுப்புகிறேன். அளவுமானியும் நான்கு சிறு கருவிகளும் இம்முறை என் தோளில் தொங்கும் பைக்குள் இருக்கும், என்னோடு சேர்த்தே தராசில் ஏறும்.